ஐந்து ஜோடி ஷூ, ஆறு ஆட்டக்காரர்கள்

திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டைக் களத்தின் ஓரம், வேர்க்கடலை மூட்டை ஒன்றின்மேல் உட்கார்ந்திருக்கிறேன். பிற்பகல் வெயில் முதுகில் அடிக்கிறது. சாணம் தெளித்து மெழுகிய களத்தில் சுண்ணாம்புக் கோடு இழுத்து, இரண்டு தலையிலும் கம்பம் நட்டு, பலகை அடித்து, இரும்பு வளையம் மாட்டியிருக்கிறார்கள். சுற்றிலும் மண்டிக்காரர்கள், வண்டிக்காரர்கள், மல்லாட்டை விற்க வந்த குடியானவர்கள். கூட்டத்தில் பாதிப் பேருக்கு இது என்ன ஆட்டம் என்றே தெரியாது. ஆனாலும் கத்துகிறார்கள்.

என் மடியில் ஒரு தகர டப்பா. உள்ளே அரிந்த ஆரஞ்சு. தோளில் ஐந்து துண்டு. ஆடுகிறவர்கள் ஓரத்துக்கு வந்தால் துண்டு நீட்டவேண்டும், சுளை கொடுக்கவேண்டும். காலில் ஒன்றும் இல்லை.

விழுப்புரம் ரயில்வே லோகோ ஷெட்டின் பாஸ்கெட்பால் கோஷ்டியில் நான் ஆறாவது ஆள். ஆடுகிறவர்கள் ஐந்து பேர். இதற்குமேல் விளக்கம் வேண்டாம் என்று நினைக்கிறேன்.

பத்திரிகைக்காரத் தம்பி இந்தத் தொடருக்கு மேலே என் பெயரைப் போட்டு, ‘முன்னாள் கூடைப்பந்து வீரர்’ என்று அச்சடித்திருக்கிறார். வீரமாவது ஒன்றாவது! நான் களத்துக்குள் ஓடிய நேரம் முழுவதையும் சேர்த்தாலும் சினிமாக் கொட்டகையில் இடைவேளைக்குக் காணாது. மற்ற நேரமெல்லாம் உட்கார்ந்தே கழித்தேன். உட்கார்ந்தால் களைப்பு வராது என்று எவன் சொன்னான்? ஆடுகிறவனுக்கு ஆட்டம் முடிந்தால் களைப்பு தீரும். உட்கார்ந்திருக்கிறவனுக்கு அது வீட்டுக்கும் கூடவே வரும்.

அன்றைக்கு மட்டும் எனக்கு உட்காரவே முடியவில்லை. அன்று களத்தில் கால் வைக்காவிட்டால், ஆடி பிறந்ததும் நான் சொந்த ஊரான காணைக்குத் திரும்பிப்போய் இன்னொருத்தர் நிலத்தில் ஏர் பிடிக்கவேண்டும்.

பலகைமேல் ஒரு கால்

கொஞ்சம் பின்னால் போகிறேன். யுத்தம் தொடங்க இன்னும் சில வருஷங்கள் இருந்த காலம். காணைக்குப் பக்கத்துச் சேரியிலிருந்து விழுப்புரம் வந்து, ஷெட்டில் தினக்கூலியாகக் கரி சுமந்துகொண்டிருந்தேன். அப்பா பண்ணையில் படியாளாக இருந்து படியாளாகவே செத்தார். அவருடைய ஆண்டையின் காரியக்காரர் என்னைச் சந்தையில் பார்த்தாலும் விடமாட்டார்.

“ரயிலு எத்தினி நாளைக்குடா சோறு போடும்? வருவ, வருவ. உங்கப்பன் புடிச்ச ஏரு சும்மாதான் கெடக்குது.”

சிரித்துக்கொண்டேதான் சொல்வார். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்காது.

எங்கள் ஃபோர்மேன் துரை ஓர் ஆங்கிலோ இந்தியர். மதராஸில் படித்தபோது இந்த ஆட்டத்தில் பைத்தியம் பிடித்துவிட்டது. ஷெட்டுக்குப் பின்னால் சாம்பல் கொட்டிய மைதானத்தில் பழைய தண்டவாளத்தைக் கம்பமாக நட்டு, கொல்லுப் பட்டறையில் வளையம் அடித்து, ஐந்து பேரைச் சேர்த்தார். ஐந்து பேருக்கும் வெள்ளைக் கேன்வாஸ் ஷூ வாங்கினார். கரித்துண்டும் கசடும் கிடக்கிற இடத்தில் வெறுங்காலோடு ஓடினால் பாதம் கந்தலாகிவிடும்.

ஆறாவது ஆள் வேண்டும் என்று தோன்றியபோது அவர் செய்த காரியத்தைக் கேளுங்கள். ஐவரில் உயரமானவர் கோதண்டம். ஃபிட்டர் வேலை. விக்கிரவாண்டிப் பக்கம் சொந்த நிலம் உள்ள குடும்பம். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் பழைய சட்டம்தான். ஒவ்வொரு கூடை விழுந்த பிறகும் பந்தை நடுக்களத்தில் தூக்கிப் போட்டு இரண்டு பேர் எகிறவேண்டும். எகிறுவது கோதண்டம். அவருக்குப் பதில் ஆள் கிடைத்தால் போதும் என்று துரை முடிவு செய்தார். ஆனால் ஆறாவது ஜோடி ஷூவுக்குப் பணம் கேட்டால் மேலே, “ஆடுவது ஐந்து பேர்தானே?” என்று கேட்பார்களாம்.

ஆகவே கோதண்டத்தின் காலை ஒரு பலகைமேல் வைத்துக் கரிக்கட்டியால் சுற்றிக் கோடு இழுத்தார். அந்தப் பலகையைத் தூக்கிக்கொண்டு கரிமேட்டுக்கு வந்தார். உயரமான கூலியாட்களை எல்லாம் ஒவ்வொருவராக அதன்மேல் நிற்கச் சொன்னார். என் கால் கோட்டுக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது.

“யுவர் நேம், மேன்?”

“தேவசகாயம் துரை.”

“குட். கோதண்டம் வெளிய வந்தா அவன் ஷூ போட்டு நீ உள்ள போறே. அவன் திரும்பி வந்தா ஷூ திரும்பிக் குடுக்கறே. சிம்பிள்!”

துரைக்கு எஞ்சின் தெரியும், ஆட்டம் தெரியும். எங்கள் ஊரைத் தெரியாது. ஷெட்டில் இருந்த அத்தனை பேரிலும், என் கால் பட்ட ஷூவை மறுபடி போடவே போடாத ஒரு மனிதருக்குத்தான் என்னைப் பதில் ஆளாகச் சேர்த்தார். அதுவும் கால் அளவு பார்த்து!

கையும் காலும்

பகலில் கரிக்கூடை, சாயங்காலம் பந்துக்கூடை என்று ஷெட்டில் என்னைக் கேலி செய்வார்கள். ‘எஸ்ட்ரா’ என்று பெயரும் வைத்தார்கள். ஆடவில்லை என்றாலும் வேலைக்குக் குறைவில்லை. பந்துக்குக் காற்றடித்து வாரை இழுத்துக் கட்டுவது, மைதானத்தில் கசடு பொறுக்குவது, ஐந்து ஜோடி ஷூவையும் தினமும் துடைத்துச் சுண்ணக்கட்டி குழைத்து வெள்ளை பூசுவது, எல்லாம் நான்தான். கோதண்டத்தின் ஷூவில் எந்த இடத்தில் தையல் விட்டிருக்கிறது என்பது அவரைவிட எனக்குத்தான் தெரியும்.

முதல் வருஷம் ஓர் ஆட்டத்தில் எதிராளி முழங்கை பட்டுக் கோதண்டத்துக்கு மூக்கில் ரத்தம் கொட்டியது. நான் எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் துண்டைக் கிழித்து மூக்கில் திணித்துக்கொண்டு ஆடினார். கூட்டம் கைதட்டியது. அடுத்த வருஷம் ஜுரத்தோடு ஆடினார். கண் இரண்டும் மிளகாய்ப் பழமாக இருந்தது. அப்போதும் கைதட்டல்தான். ‘களத்தைவிட்டு வெளியே வராத கோதண்டம்’ என்று திருச்சி வரைக்கும் பெயர் பரவிவிட்டது.

எனக்கு விளங்கவில்லை. எங்கள் கேப்டன் முனுசாமி மேஸ்திரியிடம் போய்க் கேட்டேன்.

“இன்னா மேஸ்திரி, காய்ச்சல்ல செத்தாலும் இவரு வெளிய வரமாட்டாரா?”

மேஸ்திரி என்னை ஒரு மாதிரி பார்த்தார். “உனக்கு நெசமாவே தெரியாதாடா? வெளிய வந்தா ஷூவ உன்கிட்ட குடுக்கணும். அப்பறம் அத்தத் திரும்ப வாங்கிப் போட்டுக்கணும் இல்ல?”

“அந்த ஷூவ நான்தான மேஸ்திரி தெனம் தொடைக்கிறேன்?”

“தொடைக்கிறது கை. போடறது காலு. வுட்ரா, போய் வேலையப் பாரு.”

போய் வேலையைப் பார்த்தேன். வேறென்ன செய்வது? அன்றைக்கும் அந்த ஷூவுக்கு வெள்ளை பூசினேன். கோபத்தில் கொஞ்சம் அதிகமாகவே பூசிவிட்டேன்.

கோதண்டம் கெட்டவர் என்றால் எழுதிவிட்டுப் போய்விடலாம். பேஜாரு என்னவென்றால், அவர் நல்ல மனுஷன். என் மூத்தவளுக்குக் கக்குவான் வந்தபோது பாண்டிச்சேரிக்குப் போன இடத்தில் மருந்து வாங்கி வந்தார். என் கையில் கொடுக்கவில்லை. கரிமேட்டுச் சுவர்மேல் வைத்துவிட்டு, “எட்த்துக்கடா, காலைல ஒரு வேளை, சாயங்காலம் ஒரு வேளை” என்றார். ஆனால் நான் கேட்காமலே வாங்கி வந்தார். இந்த இரண்டையும் எப்படிச் சேர்த்துப் பார்ப்பது என்று எனக்கு இந்த வயதிலும் பிடிபடவில்லை. ஷெட்டுக்குள் அவரை ‘அண்ணே’ என்பேன். அவருடைய ஊர்க்காரர் எவராவது பக்கத்தில் இருந்தால், வாய் தானாக ‘ஆண்டே’ என்று மாறிவிடும். அவரும் அதைத் திருத்தமாட்டார்.

மயிலத்தில் ஒரு காலை

மயிலத்தில் ஒருமுறை ஆட்டம் இருந்தது. ஆட்டத்துக்கு முன்னால் ஐவரும் மலைக்கோயிலுக்குக் கிளம்பினார்கள். நான் வேதக்காரன், சர்ச்சுக்குப் போகிறவன், எனக்கு மேலே வேலையில்லை. அடிவாரத்தில் ஒரு புளியமர நிழலில் ஷூவை எல்லாம் என் முன்னால் கழற்றி விட்டுவிட்டுப் போனார்கள்.

ஐந்து ஜோடியும் வரிசையாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. படியேறிப் போகிறவர்கள், “இன்னாப்பா, ஷூ கடையா?” என்று கேட்டார்கள். ஒரு பாட்டி விலைகூடக் கேட்டுவிட்டுப் போனாள். போட்டுப் பார்த்தாயா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. போடவில்லை. ஒரு தடவை போட்டால் கழற்ற மனசு வராது என்று பயம். வெயில் ஏறியதும் ஷூக்களை நிழலுக்கு நகர்த்தி வைத்தேன். நான் நகர்ந்து உட்கார இடம் இல்லை.

கீழே வந்த கோதண்டம் வாழையிலையில் மடித்த பொங்கலை எனக்கென்று கொண்டுவந்திருந்தார். சூடாக இருந்தது. அதையும் கீழேதான் வைத்தார்.

“பாக்கட்டும்”

திண்டிவனத்துக்குத் திரும்பி வருகிறேன். அந்த வருஷம் சரக்கு வண்டி குறைந்து, ஆடி பிறந்ததும் தினக்கூலிகளை நிறுத்தப்போவதாகப் பேச்சு. நான் துரையிடம் போய் நின்றேன். அவர் தலையைச் சொறிந்தார்.

“நான் மேலே எழுதறேன், மேன். ஆனா ஆடின ஆளுக்கு வேலை கேக்கலாம். உக்காந்த ஆளுக்கு எப்படிக் கேக்கறது? திண்டிவனம் லாஸ்ட் மேட்ச். அதுல ஆடு, உன்னப் பர்மனென்ட் பண்றேன்.”

என்னமோ ஆடாமல் இருந்தது என் விருப்பம் என்பது போலச் சொல்லிவிட்டார்.

எதிர்க்கோஷ்டி திண்டிவனத்து மண்டிக்காரர்கள் சேர்த்தது. பலே ஆட்டக்காரர்கள். இடைவேளை கழிந்தும் இரண்டு பக்கமும் சமமாக இருந்தது. கோதண்டம் ஒரு பந்துக்கு எகிறினார். இறங்கும்போது கால் மடங்கியது. அப்படியே உட்கார்ந்துவிட்டார். நடுவர் விசில் அடித்தார். மேஸ்திரியும் இன்னொருவரும் அவரைத் தாங்கி என் மூட்டைப் பக்கம் கொண்டுவந்தார்கள்.

“எஸ்ட்ரா! ஜல்தி, ஜல்தி!” என்று துரை கத்தினார்.

நான் வெறுங்காலோடு உள்ளே ஓடினேன். களம் வழவழவென்றுதானே இருக்கிறது! நடுவர் கையை நீட்டி மறித்தார். ஷூ போட்டவர்களுக்கு நடுவில் வெறுங்காலோடு ஆடினால் விரல் நசுங்கும், அனுமதி கிடையாது என்றார். மற்ற நாலு பேருடைய ஷூவும் என் காலுக்குச் சின்னது. திரும்பி வந்து கோதண்டத்தின் முன்னால் மண்டிபோட்டு, அவருடைய ஷூ வாரில் கை வைத்தேன்.

அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். என்னை அவர் தொட்டது அதுதான் முதல் தடவை.

“வேணாம்டா. வலி கொறைஞ்சிடும். நானே ஆடறேன்.”

“நிக்கவே முடியல உங்களால.”

“சகாயம்...” குரலை இறக்கினார். “எங்க ஊரு ஆளுங்க மல்லாட்ட எட்த்துக்கினு வந்து நிக்கறானுங்கடா. எங்க மாமன் நிக்கறாரு பாரு. எல்லாம் பாத்துக்கினு கீறானுங்க.”

திரும்பிப் பார்த்தேன். கூட்டத்தில் முன்வரிசையில், கையைக் கட்டிக்கொண்டு, மீசை நரைத்த ஒருவர் நின்றார். அவருடைய பார்வை கோதண்டத்தின் முகத்தில் இல்லை, என் கையில் இருந்தது.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ! ‘ஆண்டே’ வரவில்லை, ‘அண்ணே’யும் வரவில்லை.

“பாக்கட்டும். நானும் மூணு வருசமாப் பாத்துக்கினுதான கீறேன்?”

அவர் பிடி தளர்ந்தது. நான் முடிச்சை அவிழ்த்தேன்.

உள்ளே

ஷூவுக்குள் சூடாக இருந்தது, ஈரமாகவும் இருந்தது. இன்னொருத்தருடைய வியர்வைக்குள் காலை விட்டேன். அளவு சரியாக இருந்தது. துரையின் பலகை பொய் சொல்லவில்லை.

நான் பிரமாதமாக ஆடினேன் என்று எழுத ஆசைதான். முதல் பந்து நெஞ்சில் வந்து மோதி, மூச்சு நின்றுவிட்டது. அடுத்ததைப் பிடித்து மேஸ்திரிக்குத் தள்ளினேன். அவர் கூடையில் போட்டார். நடுக்களத்தில் எகிறியதில் ஒருமுறை நான் ஜெயித்தேன், மற்றதெல்லாம் எதிராளி. நான் நேராகக் கூடைக்குப் போட்ட பந்து ஒன்றே ஒன்று. வளையத்தைச் சுற்றிவிட்டு வெளியே விழுந்தது. “ஐயோ!” என்று மொத்தத் திண்டிவனமும் எனக்காகச் சத்தம் போட்டது. அது போதும், போங்கள்.

ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம் இருக்கும்போது ஓரத்தில் கோதண்டம் எழுந்து நின்றார். காலை ஊன்றிப் பார்த்தார். மெல்லக் குதித்தும் பார்த்தார். துரைக்கு முகம் மலர்ந்துவிட்டது.

“கோதண்டம்! கால் ஓகே? போ மேன், உள்ள போ! எஸ்ட்ரா, கம் அவுட்!”

இவ்வளவு கொஞ்சமாக ஆடியதை ஆடியதாகத் துரை எழுதுவாரா? தெரியவில்லை. ஓரத்துக்கு வந்து குனிந்து வாரை அவிழ்க்கத் தொடங்கினேன். கோதண்டம் ஷூவைப் பார்த்தார். கூட்டத்தில் நின்ற மாமனைப் பார்த்தார். பிறகு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

“முடியல துரை. வலிக்குது.”

வலிக்கவில்லை. எனக்கும் தெரியும், மேஸ்திரிக்கும் தெரியும். மூன்று வருஷம் என்னை எது வெளியே உட்காரவைத்ததோ, அதுவேதான் அன்று என்னைக் கடைசிவரை உள்ளே நிறுத்தியது. நான் வாரை மறுபடி கட்டிக்கொண்டு உள்ளே ஓடினேன்.

ஒரு கூடை வித்தியாசத்தில் தோற்றோம். கோதண்டம் ஆடியிருந்தால் ஜெயித்திருப்போம். தோற்றதில் எனக்கு ஒரு துளி வருத்தம் இல்லை.

துரைக்கும் வருத்தம் இல்லை என்பதுதான் வேடிக்கை. அவர் கோதண்டத்தின் தோளைத் தட்டி, எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: “தன் ஷூவையே கழட்டி இன்னொருத்தனுக்குக் குடுத்தான் பாருங்க! அவன் ஆடட்டும்னு உக்காந்துட்டான்! இவன்தான் ஸ்போர்ட்ஸ்மேன்!” களம் முழுக்கக் கைதட்டல். கோதண்டம் தலையைக் குனிந்துகொண்டார். நானும் சேர்ந்து கைதட்டினேன். சும்மா நின்றால் நன்றாக இருக்காதே.

பிறகு துரை என் பக்கம் திரும்பி, “திங்கக்கெழம மெடிக்கல் டெஸ்டுக்கு டாக்டர் கிட்ட வா, மேன். உன் பேரு எழுதறேன்” என்றார்.

வண்டியில்

சாயங்கால பாசஞ்சரில் எதிரெதிராக உட்கார்ந்திருந்தோம். ஷூவைத் துடைத்து, வார்களை முடிந்து, கையில் வைத்திருந்தேன். மயிலம் மலை ஜன்னலில் வந்தபோது நீட்டினேன்.

“இந்தாங்கண்ணே.”

அவர் மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். “உங்கிட்டயே இருக்கட்டும்டா” என்றார். மலை பின்னால் போனதும், “எல்லாமே பேஜாரா கீதுடா சகாயம்” என்றார். விழுப்புரத்தில் இறங்கி, சூடு ஆறாத பிளாட்பாரத்தில் அவர் வெறுங்காலோடு நடந்துபோனார். லேசாகக்கூட நொண்டவில்லை.

அதன் பிறகு கோஷ்டி அதிக நாள் ஓடவில்லை. யுத்தம் வந்தது, எங்கள் மைதானத்தில் கரியைக் குவித்துவிட்டார்கள். கோதண்டம் மாற்றலாகிப் போனார். நான் ஆயுசுக்கும் ஏர் பிடிக்கத் தேவையில்லாத உத்தியோகத்தில் நரைத்தேன்.

திண்டிவனத்திலிருந்து திரும்பிய அன்று வீட்டுக்குள் நுழைந்ததும் என் மனைவி ரோசம்மாவிடம், “பர்மனென்ட் ஆயிடுச்சு” என்றேன். அவள் அப்படியே அடுப்பு முன்னால் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்த பிறகுதான் என் கையில் இருந்ததைப் பார்த்தாள்.

“ஐயே, ஷூவா! இம்மாம் நல்லா கீது? யாரு குடுத்தாங்க?”

“யாரும் குடுக்கல” என்றேன். “திரும்ப வாங்கிக்கல. அவ்ளோதான்.”